டிராவல் டிரெய்லருக்குப் புது பேட்டரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிச்சிகனில் பனி விலகி ஏப்ரல் பிறந்ததும், வீட்டோரம் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த டிராவல் டிரெய்லரை, அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப் போய்த் தங்கும் வண்டியை, திறந்து பார்ப்போம். விளக்கு எரியாது. அன்று மாலையே எனக்குத் தொலைபேசி வரத் தொடங்கிவிடும்: "பேட்டரி போய்விட்டது போலிருக்கிறது, எது வாங்கலாம்?" டெட்ராய்ட் சுற்றுவட்டாரத்தில் டிரெய்லர் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது கொஞ்சம் பெருகிவிட்டன. மூன்று வகை பேட்டரியையும் பயன்படுத்தி, அதில் ஒன்றைப் பனியில் உறையவிட்டுப் பாழாக்கியவன் என்ற தகுதியில் வழக்கமான கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

முகாம் இடத்தில் மின்சார இணைப்பு இருக்கிறதே, பேட்டரி எதற்கு?

விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டர் விசிறி, காஸ் கசிவு எச்சரிக்கைக் கருவி எல்லாம் 12 வோல்ட்டில் ஓடுபவை. முகாமின் மின்கம்பத்தில் இணைத்திருக்கும்போது கன்வெர்ட்டர் என்ற பெட்டி 120 வோல்ட்டை 12 ஆக்கிக் கொடுத்துவிடும். அந்த நேரத்தில் பேட்டரி இல்லாமலும் காலம் தள்ளலாம்.

சாலையில் அது நடக்காது. டிரெய்லர் கொக்கியிலிருந்து கழன்று போனால், ஒரு கம்பி இழுபட்டு டிரெய்லரின் மின் பிரேக்குகள் தாமாகவே பிடிக்க வேண்டும். அதற்கான மின்சாரம் டிரெய்லரின் பேட்டரியிலிருந்துதான் வருகிறது. இரண்டு அச்சு உள்ள டிரெய்லரில் நான்கு பிரேக் காந்தங்களும் சேர்ந்து 12 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஆகவே செத்த பேட்டரியோடு நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள்.

பழைய பேட்டரி உண்மையிலேயே செத்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முழுக்க சார்ஜ் செய்யுங்கள். எல்லா இணைப்பையும் கழற்றிவிட்டு ஒரு இரவு சும்மா வையுங்கள். காலையில் மல்டிமீட்டரில் 12.6 அல்லது 12.7 காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.1 என்றால் பாதி. ஒரு இரவுக்குள் 12.2-க்கு இறங்கிவிட்டால் அதன் காலம் முடிந்தது என்றே கொள்ளலாம்.

தண்ணீர் ஊற்றும் வகையாக இருந்தால் இன்னும் நம்பகமான சோதனை உண்டு. அடர்த்திமானியை (ஹைட்ரோமீட்டர்) ஆறு அறைகளிலும் விட்டுப் பாருங்கள். நிறைந்த அறை 1.265 அளவில் காட்டும். ஐந்து அறைகள் ஒத்துப்போய், ஒன்று மட்டும் 0.050 அளவுக்குத் தாழ்ந்திருந்தால் அந்த அறை போய்விட்டது, அதோடு பேட்டரியும். ஆனால் கடைக்கு ஓடுவதற்கு முன் முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சுரண்டிவிட்டு ஒருமுறை பாருங்கள். உருகியும் (ஃபியூஸ்) சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். என்னை அழைத்தவர்களில் சிலருக்குப் புது பேட்டரியே தேவைப்படவில்லை.

எனக்கு எத்தனை ஆம்பியர்-மணி வேண்டும்?

ஒரு ஆம்பியரை ஒரு மணி நேரம் இழுத்தால் ஒரு ஆம்பியர்-மணி. பேட்டரியின் வகையைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைத்தான் கணக்கிட வேண்டும். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் லித்தியமா ஈயமா என்று வாதாடிவிட்டு, பிறகு தேவையைத் தேடுகிறார்கள்.

அக்டோபரில் மிச்சிகனின் வடக்கே உள்ள மேல் தீபகற்பத்தில் மாநிலக் காட்டு முகாம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்கே மின்சாரம் கிடையாது. கைப்பம்பும் குழிக் கழிப்பறையும்தான். இலையெல்லாம் சிவந்து நிற்கும் காலம், இரவு உறைநிலையை ஒட்டிய குளிர். ஹீட்டர் எரிவது காஸில் என்றாலும் அதன் விசிறி 7 ஆம்பியர் இழுக்கும். பத்து மணி நேர இரவில் அது நான்கு மணி நேரம் ஓடினால் 28 ஆம்பியர்-மணி. காஸில் ஓடும் குளிர்சாதனப் பெட்டிக்கும் உள்ளே ஒரு மின்சுற்றுப் பலகை உண்டு. நாள் முழுக்க 10 என்று வையுங்கள். எல்.இ.டி. விளக்குகளுக்கு 4 அல்லது 5. தண்ணீர் பம்ப் ஓடும்போது 6 ஆம்பியர் இழுத்தாலும் நாளைக்குக் கால் மணி நேரம்தான் ஓடும் என்பதால் 1.5 போதும். எச்சரிக்கைக் கருவிகளுக்கு 3, கைபேசிகளுக்கு 3. கூட்டினால் 50 ஆம்பியர்-மணியைத் தொட்டுவிடுகிறது.

ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். டிரெய்லரோடு வரும் சாதாரண 80 ஆம்பியர்-மணி பேட்டரியில் நிம்மதியாகப் பயன்படுத்தக்கூடியது 40 தான். கணக்கு அங்கேயே இடிக்கிறது. விடியற்காலை நான்கு மணிக்கு ஹீட்டர் நின்று, குழந்தைகள் நடுங்கி எழுவது இதனால்தான்.

அதே குடும்பம் ஜூலையில் லடிங்டன் மாநிலப் பூங்காவில் மின்சார இணைப்புள்ள இடத்தில் தங்கினால் தேவை ஏறக்குறைய பூஜ்யம். உங்கள் பயணங்கள் எல்லாம் இந்த இரண்டாம் வகை என்றால் மீதிப் பதில்களைப் படிக்கவே வேண்டாம். இருந்த அளவிலேயே ஒரு சாதாரண டீப் சைக்கிள் பேட்டரியை (மெதுவாக நெடுநேரம் கறப்பதற்கென்றே செய்த வகை) வாங்கி மாட்டிவிட்டு, மிச்சப் பணத்துக்கு நல்ல சக்கரம் வாங்குங்கள்.

ஒரு திருத்தம்: அண்மைக்காலத்தில் தயாராகும் பல டிரெய்லர்களில் காஸ் குளிர்சாதனப் பெட்டிக்குப் பதில் 12 வோல்ட் கம்ப்ரசர் வகை வருகிறது. அது ஒன்றே நாளைக்கு 50 முதல் 70 ஆம்பியர்-மணி தின்னும்.

காருக்கு வாங்கும் பேட்டரியைப் போட்டால் என்ன?

போடக்கூடாது. கார் பேட்டரி சில நொடிகளுக்குப் பெரும் மின்னோட்டம் தருவதற்காக மெல்லிய தகடுகளை அடுக்கிச் செய்தது. இரவெல்லாம் மெதுவாகக் கறந்தால் சில வாரங்களில் படுத்துவிடும். டீப் சைக்கிள் வகைக்குத் தகடு தடிமன்.

ஊரில் இன்வெர்ட்டர் வைத்திருந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2012-இல் வீட்டு மூலையில் உட்கார்ந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் குடித்துக்கொண்டிருந்த அந்த 150 ஆம்பியர்-மணி குழாய்த் தகடு பேட்டரியும் டீப் சைக்கிள் இனம்தான். அந்த இடத்தில் யாரும் கார் பேட்டரியை வைக்கவில்லை அல்லவா?

கடையில் "மரீன்" என்று எழுதியிருக்கிறதே, அது டீப் சைக்கிளா?

பாதிதான். படகின் இயந்திரத்தைக் கிளப்பவும் வேண்டும், மீன் தேடும் கருவியையும் ஓட்ட வேண்டும் என்று இரண்டுக்கும் நடுவே செய்தது அது. ஒட்டுச்சீட்டைப் பாருங்கள். குளிர்நிலைக் கிளப்பு ஆம்பியரை (CCA) பெரிய எழுத்தில் போட்டு, ஆம்பியர்-மணியைச் சொல்லாமல் விட்டிருந்தால் அது கலப்பு இனம். உண்மையான டீப் சைக்கிளில் 20 மணி நேர விகிதத்தில் (20 மணி நேரத்தில் காலியாகும் வேகத்தில் இழுத்தால்) இத்தனை ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கும்.

சிலவற்றில் "இருப்புத் திறன்" என்று நிமிடக் கணக்கு இருக்கும். 25 ஆம்பியர் வீதம் தொடர்ந்து இழுத்தால் 10.5 வோல்ட்டுக்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகும் என்பதே அது. 140 நிமிடம் என்றால் அந்த வேகத்தில் 58 ஆம்பியர்-மணி; மெதுவாக இழுத்தால் இன்னும் கூடுதலாகவே கிடைக்கும்.

குரூப் 24, 27, 31 என்பவை என்ன?

உடல் அளவுகள், அவ்வளவே. மூன்றும் ஏறக்குறைய ஒரே அகலம். நீளம்தான் 26, 31, 33 சென்டிமீட்டர் என்று கூடுகிறது. கொள்ளளவு முறையே 80, 95, 110 ஆம்பியர்-மணியை ஒட்டி இருக்கும், தயாரிப்பைப் பொறுத்து முன்பின் ஆகும். கடைக்குப் போகுமுன் முன்சட்டத்தில் இருக்கும் பெட்டியை அளந்துகொள்ளுங்கள்.

இரண்டு 6 வோல்ட் கோல்ஃப் வண்டி பேட்டரி நல்லது என்கிறார்களே?

ஈயத்தில்தான் இருக்கப்போகிறேன் என்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை அதுவே. நாளெல்லாம் ஓடி இரவில் சார்ஜ் ஆகும் கோல்ஃப் வண்டிக்காகச் செய்தது, அடி தாங்கும். புகழ்பெற்ற ட்ரோஜன் டி-105 ஒன்று 6 வோல்ட், 225 ஆம்பியர்-மணி, 28 கிலோ. இரண்டைத் தொடராக இணைத்தால் 12 வோல்ட்டில் அதே 225. பாதியைப் பயன்படுத்தினாலும் 110-க்கு மேல் கிடைக்கும். மேலே சொன்ன அக்டோபர் இரவு இரண்டைத் தாங்கும்.

குறைகளும் உண்டு. உயரம் 27 சென்டிமீட்டரைத் தாண்டும், பழைய பெட்டியின் மூடி மூடாது. இரண்டும் சேர்ந்து 56 கிலோ, அத்தனையும் கொக்கியின் மேல் உட்காரும். கொக்கி எடை டிரெய்லர் எடையில் 10 முதல் 15 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதால், சிறிய வண்டியால் இழுப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இன்னொன்று, ஜோடியில் ஒன்று போனால் மற்றது 6 வோல்ட் மட்டுமே, எதற்கும் உதவாது. இணையாக இணைத்த இரண்டு 12 வோல்ட்டில் ஒன்று செத்தால், அதைக் கழற்றிவிட்டு மற்றதோடு வீடு திரும்பலாம்.

ஏ.ஜி.எம். வாங்கலாமா?

அமிலத்தைக் கண்ணாடி நார்ப் பாயில் உறிஞ்சி வைத்து மூடிய ஈய பேட்டரி இது. தண்ணீர் ஊற்ற வேண்டாம், கவிழ்ந்தாலும் சிந்தாது, சும்மா இருக்கும்போது சார்ஜ் இழப்பும் குறைவு. ஆனால் பயன்படுத்தக்கூடிய கொள்ளளவு பாதிதான், எடையும் ஈயத்தின் எடைதான், விலை மட்டும் ஏறத்தாழ இரட்டிப்பு. லித்தியம் விலை உச்சத்தில் இருந்தபோது இதற்கு ஒரு நியாயம் இருந்தது. இப்போது என் பணத்தை இதில் போடமாட்டேன்.

அப்படியானால் லித்தியம்தானா?

மின்சாரம் இல்லாத இடங்களில் ஆண்டுக்குப் பத்து இரவாவது தங்குபவர் என்றால், ஆம்.

டிரெய்லருக்கு விற்கப்படுவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. கைபேசியில் இருக்கும் லித்தியத்தைவிட நிதானமானது, எளிதில் தீப்பிடிக்காது. 1990-களின் நடுவில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்எனஃப் குழுவினர் இந்த வேதிப்பொருளை அடையாளம் கண்டார்கள். அவருக்கு 2019-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. 100 ஆம்பியர்-மணி பேட்டரியின் எடை 11 முதல் 14 கிலோவுக்குள். அந்த நூறில் எண்பதுக்கு மேல் தயங்காமல் எடுக்கலாம். ஈயம் சில நூறு சுழற்சிகளில் தளர்ந்துவிடும், இது ஆயிரக்கணக்கில் தாங்கும். சில ஆண்டுகளுக்கு முன் 900 டாலரைத் தொட்டது, இன்று 300 டாலருக்குக் கீழேயும் கிடைக்கிறது.

இரண்டு விஷயங்களில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். முதலாவது, சுவரில் நான்கு விளக்கு எரிந்து பேட்டரி அளவு காட்டும் பலகை இனிப் பொய் சொல்லும். லித்தியத்தின் வோல்ட் நெடுநேரம் 13-ஐ ஒட்டியே நின்று, கடைசியில் கிணற்றில் விழுந்த கல் போலத் தொபுக்கென்று இறங்கும். வோல்ட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது. போகும் வரும் ஆம்பியரை எண்ணும் ஷண்ட் மீட்டர் தேவை. இரண்டாவது குளிர், அதைத் தனியாகச் சொல்கிறேன்.

லித்தியம் போட்டால் கன்வெர்ட்டரையும் மாற்ற வேண்டுமா?

கடைக்காரர் "அப்படியே மாட்டிக்கொள்ளலாம்" என்பார். மாட்டலாம், ஓடவும் செய்யும். ஆனால் நிறைவதற்குள் விடுமுறை முடிந்துவிடும்.

லித்தியம் முழுதாக நிறையவும் அதன் உள்ளறைகள் சமன்படவும் 14.2 முதல் 14.6 வோல்ட் வேண்டும். பழைய கன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் 13.6-லேயே நின்றுவிடும். அதில் லித்தியம் நிறைவது ஆமை வேகம். ஆகவே லித்தியத்துக்கான அமைப்பு உள்ள கன்வெர்ட்டரின் விலையையும் சேர்த்தே கணக்கிடுங்கள். சில மாதிரிகளில் உள்ளே ஒரு சிறு சுவிட்ச் இருக்கும், அதைத் தள்ளினாலே போதும். வாங்குவதற்கு முன் மூடியைத் திறந்து பாருங்கள்.

ஈய பேட்டரி வைத்திருப்பவர்களும் இந்தப் பதிலைத் தாண்டிப் போக வேண்டாம். 13.6 வோல்ட்டில் ஈயமும் அரைகுறையாகவே நிறைகிறது. வார இறுதிக்கு வெளியே போய்ப் பாதி காலியாகி, இரண்டு மணி நேரம் செருகி, மறுபடி கிளம்பினால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். "இரண்டு வருடத்தில் போய்விட்டது, மட்டமான பேட்டரி" என்று திட்டு வாங்கும் பேட்டரிகளில் பலவற்றைக் கொன்றது அரைப்பட்டினிதான். கன்வெர்ட்டர் எத்தனை வோல்ட் தருகிறது என்று அளக்காமல் மூன்றாவது பேட்டரி வாங்குவது, ஓட்டைக் குடத்துக்குப் புது மூடி வாங்குவதற்குச் சமம்.

குளிர்காலத்தில் என்ன ஆகும்?

என் கதையைச் சொல்கிறேன். முதல் டிரெய்லர், முதல் குளிர்காலம். நவம்பரில் தண்ணீர்க் குழாய்களுக்கெல்லாம் உறையாத திரவம் ஊற்றி, கவனமாக மூடிவைத்தேன். பேட்டரியை மறந்துவிட்டேன். காஸ் எச்சரிக்கைக் கருவி என்ற சின்னப் பெட்டி 0.1 ஆம்பியர் வீதம் இரவும் பகலும் உறிஞ்சியது. நாளைக்கு 2.4 ஆம்பியர்-மணி, ஒரு மாதத்தில் 72. கிறிஸ்துமஸுக்குள் பேட்டரி காலி. ஜனவரியில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி செல்சியஸைத் தொட்டது. மார்ச்சில் பெட்டியைத் திறந்தால், பேட்டரி வயிறு ஊதி, பக்கவாட்டில் விரிந்து கிடந்தது. அமிலம் கசிந்து முன்சட்டத்தின் வண்ணத்தையே தின்றிருந்தது.

நிறைந்த ஈய பேட்டரி மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. காலியான பேட்டரியில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான் என்பதால் மைனஸ் 10-க்குள்ளாகவே உறைந்துவிடும். நிறைத்து, எதிர்முனையை (மைனஸ்) கழற்றிவைத்தால் வெளியிலேயே விட்டுவிடலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் பார்த்தால் போதும்.

லித்தியம் இதற்கு நேர்மாறு. உறைந்து வெடிக்காது, குளிரில் மின்சாரம் கொடுக்கும், ஆனால் 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக்கூடாது. ஏற்றினால் லித்தியம் உலோகமாக எதிர்முனையில் படிந்து பேட்டரியை நிரந்தரமாகக் கெடுக்கும். உள்ளே இருக்கும் மேலாண்மைச் சுற்று, குளிர் கண்டால் சார்ஜை நிறுத்துகிறதா என்று விவரக்குறிப்பில் பாருங்கள். விலை மலிந்த சிலவற்றில் இந்தப் பாதுகாப்பு இல்லை. தன்னைத் தானே சூடாக்கிக்கொள்ளும் வகையும் உண்டு, ஆனால் அக்டோபரோடு கடையைக் கட்டுபவர்களுக்கு அது வீண் செலவு. லித்தியத்துக்கு வாயு வெளியேற வழி தேவையில்லை என்பதால், நான் என்னுடையதைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன். தண்ணீர் ஊற்றும் ஈய பேட்டரியை மட்டும் உள்ளே கொண்டுபோகாதீர்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும்.

ஓட்டிப் போகும்போது காரிலிருந்து சார்ஜ் ஆகிவிடாதா?

காரையும் டிரெய்லரையும் மின்சாரத்தால் இணைக்கும் ஏழு முள் இணைப்பில் அதற்கொரு கம்பி இருக்கிறது. மெல்லியது, நீளம். மறுமுனைக்குச் சில ஆம்பியர்தான் வந்து சேரும். ஐந்து மணி நேரம் ஓட்டினாலும் பாதி பேட்டரி நிறையாது. நிஜமாகவே ஓட்டத்தில் நிறைக்க வேண்டுமென்றால் தடித்த கம்பி இழுத்து, காரின் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்ற வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர் வைக்க வேண்டும்.

சோலார் தகடு?

100 வாட் தகடு ஒன்று நல்ல கோடை வெயிலில் நாளைக்கு 25 முதல் 30 ஆம்பியர்-மணி தரும். மரநிழலில் முகாமிட்டால் அதில் கால்வாசி வந்தாலே பெரிது. நிழல் வேண்டும் என்றுதானே காட்டுக்குப் போகிறோம்! கூரைத் தகட்டைவிட, கம்பி நீட்டி வெயிலில் வைக்கும் மடக்குத் தகடே எங்கள் பக்கத்துக் காடுகளுக்குப் பொருந்துகிறது.

இன்வெர்ட்டர் வைத்து ரைஸ் குக்கர், மிக்ஸி ஓட்டலாமா? ஏசி?

ஏசியை மறந்துவிடுங்கள். 12 வோல்ட்டிலிருந்து 120 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கு நான்கைந்து லித்தியமோ ஜெனரேட்டரோ வேண்டும்.

ரைஸ் குக்கர் 600 வாட் என்று வைத்தால் 55 ஆம்பியர் இழுக்கும், ஒருவேளைச் சோற்றுக்கு 23 ஆம்பியர்-மணி போகும். ஒற்றை ஈய பேட்டரியில் வோல்ட் சரிந்து, சோறு வேகுமுன் இன்வெர்ட்டர் அலறும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் அதைத் தாங்கும். ஆனால் பக்கத்திலேயே காஸ் அடுப்பு இருக்கிறது. பிரஷர் குக்கரை ஏற்றினால் மூன்று விசிலில் வேலை முடிந்தது, பேட்டரிக்கு ஒரு சொட்டுச் செலவில்லை. சட்னிக்கு மிக்ஸி மூன்று நிமிடம் ஓடுவதால் செலவு அற்பம், இழுப்பு மட்டும் 70 ஆம்பியர் வரை போகும். இங்கே வாங்கிய 110 வோல்ட் மிக்ஸியாக இருக்கட்டும்.

பழைய பேட்டரியோடு புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாமா?

வேண்டாம். பழையது புதியதையும் தன் நிலைக்கு இழுத்துவிடும். ஈயத்தையும் லித்தியத்தையும் ஒன்றாக இணைப்பது அதைவிட மோசம். இரண்டு வேண்டுமென்றால் ஒரே நாளில், ஒரே வகையில், ஒரே அளவில் வாங்குங்கள்.

வாங்கும்போது எதைக் கவனிப்பது?

ஈயம் என்றால் தேதியை. பல தயாரிப்புகளில் ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும்: A என்றால் ஜனவரி, B என்றால் பிப்ரவரி, எண் ஆண்டின் கடைசி இலக்கம். ஆறு மாதம் அலமாரியில் தூங்கியதை வாங்காதீர்கள். லித்தியம் என்றால் தொடர்ந்து எத்தனை ஆம்பியர் எடுக்கலாம் என்பதையும், குளிர்ப் பாதுகாப்பையும் பாருங்கள்.

நானே மாற்றலாமா?

தாராளமாக. கழற்றும்போது எதிர்முனை முதலில், மாட்டும்போது அது கடைசியில். அதற்கு முன் பழைய இணைப்பைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இங்கே ஒரு வலை இருக்கிறது. காரில் கறுப்புக் கம்பி எதிர்முனை. பல டிரெய்லர்களிலோ வெள்ளைதான் எதிர்முனை, கறுப்பு நேர்முனை. கார் பழக்கத்தில் மாற்றிக் கொடுத்தால் கன்வெர்ட்டரின் உருகிகள் கண நேரத்தில் போகும். அப்படி நடந்துவிட்டால் பதற வேண்டாம். அவை அதற்காகவே வைத்தவை. அதே ஆம்பியரில் புதியவை வாங்கிச் செருகினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

பழைய பேட்டரியை என்ன செய்வது?

புதியதை வாங்கும் கடைக்கே எடுத்துப் போங்கள். ஈய பேட்டரி விலையோடு ஒரு வைப்புத்தொகையைச் சேர்த்து வாங்குவார்கள். பழையதைக் கொடுத்தால் அது திரும்பக் கிடைக்கும். என் வயிறு ஊதிய பேட்டரியையும் வாங்கிக்கொண்டார்கள். பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து, கையுறையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.